டிரா எனும் வாராக்கடன்

ரொம்ப நாளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கும் விஷயம். இன்று கொட்டிவிடுவது என்று முடிவு. கால்பந்து பிடிக்காதவர்கள் தாராளமாக வேறு வேலையைப் பார்க்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். (தமிழில் எழுதினால் "சென்னையின்... என்ன?" என்று கேட்கத் தோன்றுகிற பெயர். வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

என் புகார் தோல்வியைப் பற்றியது இல்லை. தோல்வி எனக்குப் பழகிவிட்டது. 2018-19 சீசனில் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம் என்று டீம் நாறியபோதும் நீலச் சட்டையைக் கழற்றாதவன் நான். என் புகார் எல்லாம் அந்த எழுபதாவது நிமிடத்தைப் பற்றியது. ஸ்கோர் சமமாக இருக்கும். எதிர் டீம் களைத்திருக்கும். இப்போது இன்னொரு ஃபார்வர்டை இறக்குவார்கள் என்று நாம் சீட் நுனிக்கு வந்திருப்போம். இறங்குவது ஒரு மிட்ஃபீல்டர். அதுவும் தடுப்பு வேலைக்கான மிட்ஃபீல்டர். அதற்குப் பிறகு கோல்கீப்பர் பந்தை வைத்துக்கொண்டு தியானம் செய்வார். த்ரோ எடுக்கப் போகிறவர் கல்யாண ஊர்வலத்தில் நடப்பதுபோல் நடப்பார். ஒரு புள்ளி கிடைத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து "பாசிட்டிவ்ஸ்" பற்றிப் பேசுவார்.

எனக்கு இந்தக் கால்பந்து கிறுக்கு வந்ததற்குக் காரணம் மாமா. ஜி.பி. ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்துபோகிற தூரம். 2014ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது எனக்குப் பத்து வயது. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு என்னை ஸ்ப்ளெண்டரில் பின்னால் உட்காரவைத்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த வருடம் எலானோ 8 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். பிரேசில் சட்டையில் உலகக்கோப்பை ஆடிய மனிதர் நம்ம பெரியமேட்டில் ஆடுகிறார் என்பதே எங்களுக்குப் போதையாக இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தையே புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். டிசம்பர் 20 ஃபைனல், கோவாவில், கோவா டீமோடு. மாமா வீட்டில் தரைத்தளத்தில் சேற்று நாற்றம் இன்னும் போகவில்லை. மாடியில் டிவி. 87வது நிமிடம் கோவா இரண்டாவது கோல் போட்டு 2-1. அத்தை டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார். மாமா அணைக்கவில்லை. 90வது நிமிடம் கோவா கீப்பர் கட்டிமணி கையில் பட்டு சொந்த வலைக்குள் பந்து. இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3-2! மாமா என்னைத் தூக்கிச் சுற்றியதில் ட்யூப்லைட் உடைந்தது. அன்றைக்கு அத்தை திட்டவே இல்லை.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வருடம் பாதி சீசனில் இந்த டீம் கடைசி இடத்தில் கிடந்தது. இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற நிலையில்தான் மெட்டராசியின் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். 2019-20லும் அதே கதை. ஜான் கிரிகரி ஆறு ஆட்டத்தில் விலகி, ஓவன் கோய்ல் வந்து, கீழே கிடந்த டீம் ஃபைனல் வரைக்கும் போனது. வால்ஸ்கிஸ் 15 கோல். அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று உரித்துவிட்டு, அங்கே போய் 2-4 என்று உதை வாங்கி, மொத்தத்தில் 6-5 என்று தப்பித்தார்கள். மாரடைப்பு வரவழைக்கிற ஆட்டம். ஆனால் இன்னும் பேசுகிறோமா இல்லையா?

ஆக இந்தக் கிளப்புக்கு ஆடத் தெரியும். முதுகு சுவரில் இடிக்கிறவரைக்கும் ஆடமாட்டோம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். நான் பி.காம். படிக்கிறவன். எனக்குத் தெரிந்தது பேரேடும் ஐந்தொகையும்தான். அதை வைத்தே கேட்கிறேன்.

2020-21 சீசன். கொரோனாவால் எல்லா ஆட்டமும் கோவாவில், ஆளில்லாத மைதானத்தில். கோச் சாபா லாஸ்லோ. 20 ஆட்டம், 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி. 17 கோல். 20 புள்ளி. 8வது இடம்.

2021-22 சீசன். மறுபடி கோவா, மறுபடி ஆளில்லாத மைதானம். கோச் போஷிதார் பாண்டோவிச். பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதும் அவரை அனுப்பிவிட்டார்கள், மிச்சத்தை நம்ம சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். 20 ஆட்டம், 5 வெற்றி, 5 டிரா, 10 தோல்வி. 17 கோல். 20 புள்ளி. 8வது இடம்.

இன்னொரு முறை பாருங்கள். முதல் வருடத்தைவிட இரண்டாவது வருடம் நான்கு தோல்வி அதிகம். ஆனால் புள்ளி அதே 20. நான்கு தோல்வி கூடியும் பைசா நஷ்டம் இல்லை! ஏனென்றால் இரண்டு வெற்றி அதிகம். இரண்டு வெற்றி என்பது ஆறு டிரா. அந்தப் பதினொரு டிராவில் இவர்கள் உயிரைக் கொடுத்துச் சேர்த்தது 11 புள்ளி. அதே பதினொரு ஆட்டத்தில் நான்கை ஜெயித்து ஏழில் மண்ணைக் கவ்வியிருந்தால் 12. பதினொன்றில் ஏழு தோற்கிற சப்பை டீமாக இருந்தாலே தோற்காத டீமைவிட ஒரு புள்ளி கூடுதல். ஐந்தாவது படிக்கிற பையனுக்குப் புரிகிற கணக்கு இது.

(நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். லாஸ்லோ டீம் வாய்ப்பே உருவாக்கவில்லை என்று சொன்னால் பொய். நிறைய வந்தது, வீணாய்ப் போனது. கேப்டன் கிரிவெல்லாரோ பாதி சீசனில் காயமாகிப் போனார். பதினொரு டிராவும் பயத்தில் வந்தவை இல்லை. ஆனால் கடைசி இருபது நிமிடம் என்று நான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி, அதை அந்த சீசனில் எத்தனை முறை பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும்.)

வெற்றிக்கு 3 புள்ளி என்ற விதி வந்ததே இந்த நோய்க்கு மருந்தாகத்தான். முன்பெல்லாம் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. வெளியூர் போகிற டீம் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. இத்தாலிக்காரர்கள் அந்த ஆட்டத்துக்கு வைத்த பெயரே 'கடெனாச்சோ', அதாவது தாழ்ப்பாள். இங்கிலாந்தில் ஜிம்மி ஹில் சண்டை போட்டு 1981ல் 3 புள்ளி முறையைக் கொண்டுவரச் செய்தார். 1994 உலகக்கோப்பையில் அது வந்தது. அதற்குப் பிறகு ஊரெல்லாம் அதுதான் விதி. டிராவின் மதிப்பை வெற்றியில் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாக இறக்கி இத்தனை வருடம் ஆகிறது. நம்ம டக்அவுட்டுக்கு மட்டும் அந்த சர்க்குலர் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அதே 2020-21ல் ஹைதராபாத்தைப் பாருங்கள். 20 ஆட்டத்தில் மூன்றே தோல்வி. ஆனால் 11 டிரா. கடைசி ஆட்டத்தில் கோவாவை ஜெயித்தே ஆக வேண்டும், 0-0. மொத்தம் 29 புள்ளியோடு ஐந்தாவது இடம். 31 எடுத்த கோவா அரையிறுதிக்குப் போனது. மூன்றே தோல்வி வாங்கிய டீம் வீட்டுக்குப் போனது. அடுத்த வருடம் அதே கோச் மனோலோ, கூட ஓக்பேச்சே 18 கோல், கோப்பை ஹைதராபாத்துக்கு. யாரோ அங்கே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

கணக்குப்பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று உண்டு. வரப்போகிற லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு எல்லாம் ஒதுக்கு வை. சரக்கிருப்பை அடக்க விலை அல்லது சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடு. ஐயக்கடனுக்கு ஒதுக்கு போடு. நல்ல கொள்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் வரும். இதை அளவுக்கு மீறிச் செய்தால் ரகசியக் காப்பு உருவாகும், நிறுவனத்தின் உண்மையான நிலைமை வெளியே தெரியாமல் போய்விடும் என்று. நம்ம பெஞ்சில் ட்ராக்சூட் போட்டுக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் வார்ம்அப் மட்டும் செய்கிற இளம் ஃபார்வர்ட் இருக்கிறானே, அவன்தான் ரகசியக் காப்பு. அவனால் என்ன முடியும் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது. வியாசர்பாடியில் வெறுங்காலோடு நாள் முழுக்க ஆடுகிற பையன்கள் எல்லாம் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்? த்ரோ எடுக்க மெதுவாக நடப்பது எப்படி என்றா?

முன்னெச்சரிக்கை என்பது கணக்கு எழுதுகிறவனுக்கான கொள்கை. கடை நடத்துகிறவனுக்கானது இல்லை. நான் மாமாவிடம் இதைத்தான் சொன்னேன்.

மாமா பக்கம் என்னவென்று சொல்லவில்லையே. அந்தப் பதினொரு டிராவில் எட்டாவதோ ஒன்பதாவதோ, பாதியில் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு கீழே போய்விட்டார். அதோடு சரி. 2022ல் ஆட்டங்கள் மறுபடி பெரியமேட்டுக்கு வந்தபோதும் வரவில்லை. ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? வாதம் என்று வந்தால் கோச் பக்கம்தான் பேசுவார்.

"டேய், நம்மகிட்ட என்ன ஆளு இருக்கு? பாம்பே காசு என்ன, நம்ம காசு என்ன? தோக்காம வர்றதே பெரிய விஷயம்டா."

"மாமா, நீங்க சம்பள வேலைய விட்டுட்டு கடன் வாங்கித்தானே கடை போட்டீங்க? யாரும் வந்து கேக்காத பார்ட்டெல்லாம் வாங்கி அடுக்கினீங்க. நஷ்டம் வரக்கூடாதுன்னு ஷட்டர இறக்கி வெச்சிருந்தா?"

"அது வேற, இது வேற."

அப்படிச் சொன்னால் பதில் இல்லை என்று அர்த்தம் :-)

கொஞ்ச நேரம் கழித்து மாமாவே க்ரீஸை இழுத்தார். 2004 யூரோ கோப்பை. கால் இறுதியில் ஃபிரான்ஸை 1-0, அரையிறுதியில் செக் குடியரசை 1-0, ஃபைனலில் போர்ச்சுகலை அவர்கள் ஊரிலேயே 1-0. தற்காப்பு ஆடித்தானே ஜெயித்தார்கள் என்றார். உண்மைதான். ஆனால் நாக்அவுட்டில் டிரா என்ற ஒன்றே கிடையாது. க்ரீஸ் தற்காத்தது ஒரு கோலுக்காக. அந்த ஒரு கோலுக்கு கார்னரும் ஹெட்டரும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். நம்ம கிரிகரி டீமும் அப்படித்தான். 2018 மார்ச் 17, பெங்களூரு ஃபைனல். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடமே கோல் போட்டார். திருப்பி அடித்தது யார்? டிஃபென்டர் மெய்ல்சன் ஆல்வெஸ். கார்னரில் தலையால் இரண்டு கோல். பிறகு ரஃபேல் அகஸ்டோ. 3-2, கோப்பை. அந்த டீம் அழகாக ஆடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பயந்த டீம் இல்லை. பலமான டிஃபென்ஸ் வேறு, பயம் வேறு. நான் திட்டுவது இரண்டாவதை.

அந்தப் பயம் என்ன விலை வாங்கும் என்பதற்கு 2019 ஆசியக் கோப்பையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஜனவரி 6, இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. சேத்ரி இரண்டு, மிச்சம் இரண்டு அனிருத் தாபாவும் ஜேஜேவும். இரண்டு பேரும் நம்ம சென்னையின் ஆட்கள். ராயப்பேட்டையில் நான் ஒருவன்தான் பட்டாசு வெடித்திருப்பேன். அடுத்த ஆட்டம் அமீரகத்திடம் 0-2 தோல்வி, ஆனால் நல்ல ஆட்டம், பந்து கம்பத்தில் எல்லாம் பட்டது. ஜனவரி 14, ஷார்ஜா, பஹ்ரைனோடு. டிரா செய்தால் போதும், அடுத்த சுற்று. இந்த "போதும்" என்ற வார்த்தைதான் கொன்றது. தாய்லாந்தை ஓட ஓட விரட்டிய அதே டீம் சொந்தப் பெனால்டி ஏரியாவில் குடித்தனம் நடத்தியது. 60 நிமிடம் ஆயிற்று, 70 ஆயிற்று, 80 ஆயிற்று. மாமா நகத்தைக் கடித்துக்கொண்டு "இன்னும் பத்து நிமிஷம்டா" என்றார். 90 தாண்டியதும் பெனால்டி. ஜமால் ராஷித். 0-1. நான்கு டீமில் கடைசி இடம். கோச் கான்ஸ்டன்டைன் அன்றைக்கே ராஜினாமா.

சொந்தக் கோலுக்கு முன்னால் பதினொரு பேரும் ஒன்றரை மணி நேரம் நின்றால் ஏதாவது ஒரு கால் யார் காலிலாவது படத்தான் செய்யும். இதில் துரதிர்ஷ்டம் என்று அழ ஒன்றும் இல்லை.

அதே குளிர்காலம், எட்டு வாரம் கழித்து, மார்ச் 9. கோயம்புத்தூர். ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. முதலிடம், ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடமே கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் 0-1. பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார் (அந்த சீசனில் அவருக்கு 21 கோல்). 1-1. இப்போது பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? ஈஸ்ட் பெங்கால் அந்தப் பக்கம் கோகுலத்தை ஜெயித்துவிட்டது. 41க்கு 42 என்று கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். அக்பர் நவாஸின் டீம் உட்காரவில்லை. 69வது நிமிடம் கௌரவ் போரா. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் மறுபடி கௌரவ் போரா. அவர் ஆடிய இடம் டிஃபென்ஸ்! டிஃபென்டர் இரண்டு கோல் அடித்து 3-1, 43 புள்ளி, சாம்பியன். அதே சீசனில்தான் கோடி கோடியாகக் கொட்டிய நம்ம சென்னையின் ஐ.எஸ்.எல்.லில் கடைசி. இதற்குப் பிறகும் "நம்மகிட்ட காசு இல்லை, ஆள் இல்லை, அதனால் பாதுகாப்பாக ஆடுகிறோம்" என்று யாராவது சொன்னால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். (சென்னை சிட்டி பிறகு காணாமல் போனது தனி சோகம். இன்னொரு நாள் அழுகிறேன்.)

தாக்கி ஆடினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. 2022-23ல் பிர்டாரிச் வந்தார். 36 கோல் அடித்தோம், 37 வாங்கினோம். குவாஹாட்டியில் நார்த்ஈஸ்டை 7-3, ஒரே ஆட்டத்தில் பத்து கோல், எல் கயாத்தி ஹாட்ரிக். சீசன் முடிவில் இடம்? அதே எட்டாவது. :-( ஆனால் புள்ளி 27. முந்தைய இரண்டு வருடத்தைவிட ஏழு அதிகம். அந்த இரண்டு சீசனையும் சேர்த்தால் 34 கோல், இது ஒரே சீசனில் 36. எட்டாவது இடம்தான் தலையெழுத்து என்றால் இந்த மாதிரி எட்டாவது வரட்டும், நான் டிக்கெட் வாங்கத் தயார்.

கோச்சுகள் ஏன் இப்படி என்று யோசித்தால் அவர்கள் மீது பாதிக் கோபம் குறைகிறது. 0-5 என்றால் சீட்டு கிழியும். 0-0 என்றால் கிழியாது. தொடர்ந்து நாலு டிரா வந்தால் "தோற்காத ஓட்டம்" என்று போஸ்டர்கூடப் போடுவார்கள். வருடா வருடம் ஆளை மாற்றுகிற இடத்தில் எவனும் தன் வேலைக்குத்தான் முதலில் ஒதுக்கு வைப்பான். இந்த இடத்தில் குற்றவாளிக் கூண்டில் நாமும் ஏற வேண்டும். பெரிய தோல்வி வந்தால் சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ், டீக்கடை பெஞ்ச் எல்லாம் சேர்ந்து கத்துகிறோம். மொக்கை 0-0க்கு யாராவது கத்தியிருக்கிறோமா? கொட்டாவி விட்டுவிட்டு மெட்ரோ பிடிக்கப் போய்விடுகிறோம். சிலர் மாமா மாதிரி வராமலே இருந்துவிடுகிறார்கள். தோல்விக்குக் கத்துகிற ரசிகன் அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுகிறான். கொட்டாவி விட்டவன்தான் திரும்பி வருவதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பணத்துக்கு எங்கள் பாடத்தில் பெயர் வாராக்கடன்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. போன வருடம் டிபார்ட்மென்டுகளுக்கு இடையில் டர்ஃபில் ஆறு பேர் ஆட்டம். எங்கள் காமர்ஸ் டீமுக்கு அடியேன் கேப்டன். இயற்பியல்காரர்களோடு 1-0 முன்னிலை, ஆறு நிமிடம் பாக்கி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாரும் பின்னாடி வாங்கடா!" என்று கத்தினேன். வந்தார்கள். ஆறு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றோம். 1-2. ஆட்டம் முடிந்ததும் எங்கள் லெஃப்ட் விங் பையன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, நிமிராமல், "ஏன்டா கூப்ட?" என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அந்தப் பயம் உள்ளே எப்படி வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு திட்டுகிறேன். இந்த ஆட்டத்தைப் பற்றி மாமாவுக்கு இதுவரை சொல்லவில்லை. யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

அதனால் டக்அவுட்டில் இப்போது யார் நிற்கிறார்களோ, அடுத்து யார் வரப்போகிறார்களோ, அவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். எழுபதாவது நிமிடம், 0-0, பெஞ்சில் அந்தப் பையன் வார்ம்அப் செய்துகொண்டிருக்கிறான். இறக்குங்கள். தோற்றால் தோற்போம், பி ஸ்டாண்டில் நின்று நானே கைதட்டுகிறேன். மாமாவுக்கு ஒரு டிக்கெட் சேர்த்தே வாங்குகிறேன். ஜி.பி. ரோட்டிலிருந்து பெரியமேடு வரைக்கும் அவரை இழுத்துக்கொண்டு வருவது என் பொறுப்பு. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் அவர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.